இந்த நாற்காலிக்கு வந்த வழி

அனைவருக்கும் வணக்கம். அறிமுகம் செய்தவர் என்னைப் "பிறர் கண்ணீரைத் துடைப்பவர்" என்றார். அன்பாகச் சொன்னார், மறுக்க மனம் வரவில்லை. ஆனால் மனநல ஆலோசகர்களான எங்கள் வேலையில் பாதி, அழுகிறவர் அழுது முடிக்கும்வரை பதறாமல் எதிரில் உட்கார்ந்திருப்பது. சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது.

இந்தத் துறைக்கு எப்படி வந்தேன் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். அக்காவின் சம்மதத்தோடு அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். என்னிடம் ஆலோசனைக்கு வந்தவர்கள் யாருடைய கதையும் இந்த மேடைக்கு வராது.

நான் முதலில் கணக்குத் தணிக்கையில் இருந்தேன். அப்போது அக்காவுக்கு மனச்சோர்வு நோய் வந்து, விலகாமல் நீடித்தது. வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னோம். நட, வேலையை மாற்று, நல்லதையே நினை. அவருக்கு மருந்தும் தேவைப்பட்டது, பேச ஓர் ஆளும் தேவைப்பட்டது. கடைசியில் அவர் போய்ப் பார்த்த மனநல ஆலோசகர் ஒரு யோசனையும் சொல்லவில்லையாம். "அவங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்க, நான் பேசினேன்." அவ்வளவுதான் அக்கா சொன்னது. இதெல்லாம் ஒரு தொழிலா, இதில் பயிற்சிக்கு என்ன இருக்கிறது என்ற சந்தேகம்தான் என்னை மாலை வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தது. இரக்கம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். தணிக்கைப் புத்தி என்பதே உண்மை.

வகுப்புப் பாடத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். வேளாண்மை படிக்கப் போய், வரலாற்றுக்கு மாறி, இறையியலைத் தொட்டு, அங்கிருந்து உளவியலுக்கு வந்தவர். 1928 முதல் 12 ஆண்டுகள் அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் குழந்தைகளுக்கான பணியில் இருந்தார். அங்கே நடந்ததை அவரே எழுதியிருக்கிறார். அடங்காத ஒரு பையனின் தாய் அவரிடம் வருகிறார். மகன் சின்னக் குழந்தையாக இருந்தபோது தாய் அவனை மனத்தால் ஒதுக்கியதுதான் எல்லாவற்றுக்கும் வேர் என்பது ரோஜர்ஸின் கணிப்பு. அதை அந்தத் தாய்க்குப் புரியவைக்க எத்தனையோ சந்திப்புகளில் முயன்றார். நகரவில்லை. முயன்று பார்த்தோம், முடியவில்லை, நிறுத்திக்கொள்வோம் என்றார். அந்த அம்மாவும் ஒத்துக்கொண்டு, கைகுலுக்கிவிட்டுக் கதவுவரை போனார். அங்கே திரும்பி, "இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றதும் மறுபடி வந்து உட்கார்ந்து, கணவரோடு கசந்துபோன வாழ்வையும் தன் தோல்வியுணர்வையும் கொட்டித் தீர்த்தார். ரோஜர்ஸ் குறித்துவைத்திருந்த வரலாற்றில் அப்படி எதுவும் இல்லை.

அவருடைய கணிப்பு சரியாகவே இருந்திருக்கலாம். சரியாக இருந்தும் பயன்படவில்லையே, அங்கேதான் நான் நின்றுவிட்டேன். எங்கே வலிக்கிறது, எந்தப் பக்கம் போகவேண்டும் என்பது வந்தவருக்குத்தான் தெரியும் என்ற முடிவுக்கு ரோஜர்ஸைக் கொண்டுசென்ற அனுபவங்களில் இது ஒன்று. 1942இல் அவர் வெளியிட்ட நூலில், ஒருவருக்கு அளித்த ஆலோசனை முழுவதையும் ஒலிப்பதிவிலிருந்து வரிக்கு வரி எழுதி அச்சிட்டார். அதற்கு முன்பெல்லாம் அந்த அறைக்குள் என்ன நடந்தது என்பதற்குப் பெரும்பாலும் சிகிச்சையாளரின் ஞாபகமே சாட்சி. ரசீது இல்லாத கணக்கை ஒப்புக்கொள்ளாத எனக்கு அந்தப் பக்கங்கள் எவ்வளவு நிம்மதி தந்திருக்கும், பாருங்கள்!

இங்கே மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களில் சிலர் என்னிடம் சொல்வதுண்டு: "நானே நிறையக் கஷ்டப்பட்டிருக்கிறேன், அதனால் அடுத்தவர் கஷ்டம் எனக்குப் புரியும்." எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. பட்டவருக்கு அக்கறை இருக்கும். ஆனால் எதிரில் இருப்பவர் தன் அக்காவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், என் காது என் அக்காவிடம் போய்விடப் பார்க்கிறது. அவர் சொல்லாததை நானாக நிரப்பிக்கொள்ளத் தோன்றுகிறது. அவருக்கு வேண்டிய கேள்வி ஒன்று, எனக்கு விடை வேண்டிய கேள்வி வேறொன்று.

வந்தவரால் சிகிச்சையாளருக்குள் கிளறப்படும் உணர்வுகளைக் கவனிக்கவேண்டும் என்று 1910இலேயே ஃபிராய்ட் எழுதினார். மனத்தின் ஆழத்தில் புதைந்திருப்பதைப் பேச்சின் வழி தேடும் உளப்பகுப்பாய்வைத் தொடங்கியவர் அவர். 1920இல் பெர்லினில் தொடங்கிய உளப்பகுப்பாய்வு நிலையம், பயிற்சி பெறுபவர் தாமும் பகுப்பாய்வுக்கு உட்படுவதைப் பாடத்தின் அங்கமாக்கியது. எல்லாப் பயிற்சி முறைகளும் இதைக் கட்டாயமாக்குவதில்லை. கட்டாயமோ இல்லையோ, நான் போனேன். அக்கா மேல் எனக்குப் பரிவு மட்டுமே இருப்பதாக நினைத்திருந்தேன். வீட்டின் கவனமெல்லாம் அவர் பக்கமே போய்விட்டதில் எனக்கிருந்த கோபம் அந்த அறையில்தான் வாய் திறந்தது.

அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹனைப் பாருங்கள். 17 வயதில் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தவர். தற்கொலை எண்ணத்தோடும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கத்தோடும் போராடுகிறவர்களுக்காகப் பின்னாளில் டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி என்ற, தன்னை ஏற்றுக்கொள்வதையும் மாறுவதையும் சேர்த்தே பழக்கும் சிகிச்சையை உருவாக்கினார். நானும் பட்டவள், என்னை நம்புங்கள் என்று அவர் தொடங்கவில்லை. வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டுச் சோதித்த ஆய்வை 1991இல் வெளியிட்டார். தன் கதையைப் பொதுவெளியில் சொன்னது 2011இல். அந்த வரிசை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எங்கே படிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சேருமுன் அங்கே சூப்பர்விஷன், அதாவது அனுபவமுள்ள ஆலோசகர் உங்கள் வேலையைப் பார்த்து வழிகாட்டுவது, எப்படி நடக்கிறது என்று விசாரியுங்கள். நீங்கள் ஆலோசனை தரத் தொடங்கியபின் உங்களோடு யார் உட்கார்ந்து பேசுவார்கள்? எவ்வளவு அடிக்கடி? வந்தவர் அனுமதித்தால், ஒலிப்பதிவைக் கேட்டுப் பார்ப்பார்களா, இல்லை உங்கள் ஞாபகத்தை மட்டும் கேட்பார்களா? தற்கொலை எண்ணத்தோடு ஒருவர் வந்தால் அன்றே, அப்போதே நீங்கள் யாரை அழைக்கலாம்? இவற்றுக்கு நேரான பதில் வராத இடமென்றால், கட்டணம் எவ்வளவு என்று கேட்காமலே எழுந்து வந்துவிடலாம்.