மிருதங்கத்தின் கறுப்பு வட்டம் என்ன செய்கிறது?

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் ஒரு மாலை நேரத்தில் பௌதிகவியல் கேட்க இவ்வளவு பேரா! மேடையில் மிருதங்கத்தைக் கண்டு கச்சேரி என்று நினைத்து வந்தவர்களும் இருப்பீர்கள், பரவாயில்லை, இருங்கள்.

முதலில் சட்டத்தில் இழுத்துக் கட்டிய இந்த வெறும் தோல். தட்டுகிறேன். எந்தச் சுருதியோடும் சேராது. வீணைத் தந்தியை மீட்டினால் அடிப்படை அதிர்வோடு அதன் 2, 3, 4 மடங்குகளும் கூடவே வரும், காது எல்லாவற்றையும் ஒரே சுரமாக எடுத்துக்கொள்ளும். வட்டத் தோல் அப்படியில்லை. முழுத்தோலும் ஒன்றாக மேலும் கீழும் போவது ஒரு விதம். நடுவே ஒரு கோடு அசையாமல் நிற்க, ஒரு பாதி எழும்பும்போது மறுபாதி தாழ்வது இன்னொரு விதம். இரண்டாவதன் அதிர்வெண் முதலாவதைப்போல் 1.59 மடங்கு. அப்புறம் 2.14, 2.30. இந்தக் கணக்கில் சுருதி எங்கே சேர்வது?

இனி வலந்தலை, அதாவது மிருதங்கத்தின் வலக்கைப் பக்கத் தோல். கிட்டான் கல் மாவையும் சோற்றையும் குழைத்து, பூசித் தேய்த்து, திரும்பவும் பூசித் தேய்த்து ஏற்றிய கறுப்பு வட்டம்தான் கரணை, அது தோலின் நடுவைப் பாரமாக்குகிறது. முழுத்தோலும் ஆடும்போது நடுப்பகுதிதான் அதிகம் ஆடும், ஆகவே பாரம் அந்த அதிர்வைத்தான் நன்றாகக் கீழே இறக்கும். கோடு விழும் அதிர்வில் நடு அவ்வளவாக அசையாது, அது தப்பிவிடும். 1.59 ஏறத்தாழ 2 ஆகிறது, மேலே உள்ளவையும் 3, 4, 5 என்று வரிசைக்கு வருகின்றன. இதை சி. வி. இராமன் 1920இல், நோபல் பரிசுக்குப் பத்து வருடம் முன்பே, 'நேச்சர்' இதழில் எழுதிவிட்டார். இரண்டு குறுக்குக் கோடுகள் விழும் அதிர்வும் கோடே இல்லாமல் உள்ளே ஒரு வட்டம் விழும் அதிர்வும் ஒரே 3இல் வந்து நிற்கின்றன, வடிவம் வேறு, சுரம் ஒன்று. எனக்கு இதுதான் பெரிய அதிசயம்.

தம்பி, வலந்தலை மேலே பார்க்க நிமிர்த்தி வைத்து 'நம்' என்ற அடியை வாசியுங்கள். முன்வரிசையில் இருப்பவர்கள் எழும்பிப் பாருங்கள், மெல்லிய மணல் தூவுகிறேன். மோதிரவிரல் கரணை ஓரத்தில் பட்டும் படாமலும், சுட்டுவிரல் மீட்டில், அதாவது தோலின் விளிம்பு வளையத்தில். மணல் துள்ளி, விரல் தொட்ட இடத்தின் வழியே குறுக்காக ஒரு கோட்டில் சேருகிறது, பார்த்தீர்களா? விரல் பட்ட இடம் ஆட முடியாது, அதனால் முழுத்தோலும் ஆடும் விதம் அடங்கி, அங்கே கோடு உள்ள விதம் மேலே வருகிறது.

சரி, வித்துவான்கள் ஏன் விளிம்பைச் சுற்றிச் சுற்றிக் கல்லால் தட்டுகிறார்கள்? கொழும்புக் கடற்காற்றின் ஈரத்தில் தோல் தளரும், அது ஒன்று. இன்னொன்று, இழுவை ஒரு பக்கம் கூடினால், கோடு இப்படி விழும்போது ஒரு சுரமும் அப்படி விழும்போது சற்று விலகிய சுரமும் வரும். தம்பி, இப்போது கொஞ்சம் திருப்பி வைத்து மற்ற இடத்தில் வாசியுங்கள், வித்தியாசம் கேட்கிறதா என்று சபை சொல்லட்டும்.