எழுதினாலும் போச்சு, எழுதாட்டியும் போச்சு

நடுவர் அவர்களே! ‘மரபறிவை அறிவுசார் சொத்துரிமைச் சட்டம் காக்குமா?’ இதுதான் தலைப்பு. காக்கும் என்று சொல்லி, ‘மஞ்சள் மேல் அமெரிக்காவில் வாங்கிய காப்புரிமை ரத்தானதே’ என்று எதிரணி அண்ணன் மஞ்சளைத் தூக்கிக்கொண்டு வந்தார். வரட்டும். அதற்கு முன் அவரை நம்ம புதுச்சேரிக்குள்ளேயே ஒரு நடை கூட்டிப்போகிறேன்.

1742. கேர்தூ என்ற ஏசு சபைப் பாதிரியார், சோழமண்டலக் கரையில் துணிக்குச் சாயம் எழுதும் வித்தையை, மதம் மாறிய நம் ஆட்களிடமே கேட்டுப் பிரான்சுக்குக் கடிதம் போட்டார். கடுக்காயும் எருமைப்பாலும் சேர்த்துத் துணியை ஊறப்போடுவது, சாயவேரில் சிவப்பேற்றுவது, எல்லாம் போனது. அவருக்கும் முன்பே பொலியூ என்ற கப்பல் அதிகாரி இதே ஊரில் சாயக்காரரின் வேலையைப் பார்த்துப் பார்த்து எழுதி, ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டார். அது இன்றும் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியக நூலகத்தில் இருக்கிறது. பெயர் என்ன தெரியுமா? பொலியூ சுவடி! வேலை செய்தவர் பெயரில் இல்லை, வெட்டியவர் பெயரில்.

இப்போது மஞ்சளுக்கு வருவோம். 1995-இல் காயம் ஆற்றும் மஞ்சளுக்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் காப்புரிமை வாங்கியது. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் வெளிநாட்டுப் பழக்கவழக்கம் சான்றாகாது, அச்சில் இருக்க வேண்டும். எங்க ஆயா என் முழங்காலில் அப்பிய மஞ்சள் செல்லாது! பழைய நூல்களையும் 1953-இல் வந்த மருத்துவ இதழ்க் கட்டுரையையும் காட்டிய பிறகுதான் 1997-இல் ரத்து. சரி, ரத்தானதில் ஈரோட்டு மஞ்சள்காரருக்கு என்ன கிடைத்தது? கைதட்டுங்கள், அதுதான் கிடைத்தது.

அன்று எழுதினார்கள், வித்தை போனது. இன்று எழுதவில்லை என்றால் வித்தையே இல்லை என்கிறார்கள்.

கேரள மலையில் வாழும் காணிப் பழங்குடி மக்களுக்கு, அவர்கள் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சை மூலிகையில் செய்த மருந்தின் வருமானத்தில் பங்கு கிடைத்ததே என்பார்கள். கிடைத்தது, மறுக்கவில்லை. காப்புரிமைச் சட்டமா கொடுத்தது? கேரளத் தாவரவியல் தோட்ட நிறுவனம் தானாக ஒத்துக்கொண்டு கொடுத்தது. ஆராய்ச்சியாளர்களுக்கு மனசு இருந்தது, அவ்வளவுதான்.

இப்படித் தவறான காப்புரிமை போகாமல் தடுக்க இந்திய அரசு 2001-இல் தொடங்கிய மரபறிவு மின்நூலகத்தில் சித்த நூல்களும் ஏறியிருக்கின்றன. நல்லது. நூலில் ஏறாதது? செஞ்சி மலைப்பக்கம் பச்சிலை பறிக்கும் இருளர் அம்மாவிடம் ஓலையும் இல்லை, அச்சும் இல்லை.

மணி அடிக்க வேண்டாம் நடுவரே, முடித்துவிட்டேன். அடுத்து அண்ணன் எழுந்து வரும்போது ஒன்றே ஒன்று சொல்லட்டும்: அந்த அம்மா எந்த ஆபீசுக்குப் போய், எந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவார்?