'லைஃப்டைம்' கியர் ஆயிலை 92 ஆயிரம் கிலோமீட்டரில் இறக்கினேன்: பழைய ஜெர்மன் கார் வாங்க நினைப்பவர்களுக்கு

வணக்கம் நண்பர்களே. இப்போது நான் நிற்பது லிஃப்டில் ஏற்றிய என் வண்டிக்கு அடியில். கேமராவை இப்படித் திருப்புகிறேன், பாருங்கள். வடிந்துகொண்டிருப்பது கியர்பாக்ஸ் ஆயில். புதிதாக ஊற்றும்போது தெளிவாக இருக்கும். இது கருப்பட்டிப் பாகு நிறத்துக்கு வந்துவிட்டது. மெக்கானிக் பாய் ஒரு சொட்டை விரலில் எடுத்து, "தம்பி, முகர்ந்து பாருங்க" என்று நீட்டினார். லேசாகக் கருகல் வாசனை. மீட்டரில் 92 ஆயிரம் கிலோமீட்டர். வண்டி 2014 மாடல்.

வண்டியை வாங்கிய புதிதில் ஒரு சர்வீஸ் சென்டரில் இந்த ஆயிலைப் பற்றிக் கேட்டேன். "இது லைஃப்டைம் ஆயில் சார், தொடவே வேண்டாம்" என்றார்கள். எந்த சென்டர் என்பது முக்கியம் இல்லை, பல இடங்களில் இதே பதில்தான் வரும். ஆனால் என் வண்டியில் இருப்பது ஜெர்மனியின் இசட்எஃப் கம்பெனி செய்த எட்டு கியர் ஆட்டோமேட்டிக். பிஎம்டபிள்யூ, ஆடி, ஜாகுவார், லேண்ட் ரோவர் என்று பல கம்பெனிகளின் கார்களில் இதே குடும்பத்து கியர்பாக்ஸ்தான். அதைச் செய்த இசட்எஃப்பே என்ன சொல்கிறது தெரியுமா? ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80 ஆயிரத்திலிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்தில், ஆயிலை மாற்றுங்கள் என்கிறது. அப்படியென்றால் 'லைஃப்டைம்' என்று சொல்கிறார்களே, அது யாருடைய லைஃப்டைம்?

முதல் ஓனருடையது. நான் இன்றைக்குச் சொல்ல வந்த விஷயமே இதுதான். இந்தக் கார்களின் சர்வீஸ் கணக்கு, புதிதாக வாங்கி நாலைந்து வருடம் வைத்திருந்து விற்றுவிடுகிறவருக்காகப் போட்டது. அவருக்குச் செலவு குறைவாகத் தெரிய வேண்டும், சர்வீஸ் சென்டருக்கு அடிக்கடி வரவேண்டியதாக இருக்கக் கூடாது. ஐரோப்பாவில் பிஎம்டபிள்யூ போன்ற கார்களுக்கு என்ஜின் ஆயில் மாற்றும் இடைவெளி இரண்டு வருடம் அல்லது 30 ஆயிரம் கிலோமீட்டர் வரை போகும். அந்தக் கணக்கில் ஓடிய வண்டி எட்டாவது வருடத்தில் நம் கையில் வந்து சேருகிறது. அதற்கு மேல் அதே கணக்கில் ஓட்டினால் விளைவு முழுக்க நம் தலையில்தான்.

என் வண்டி எந்தக் கம்பெனி என்று இந்த வீடியோவில் சொல்லப்போவதில்லை, லோகோவையும் டேப் ஒட்டி மறைத்திருக்கிறேன். பெயரைச் சொன்னால் பேச்சு அந்த ஒரு பிராண்டைச் சுற்றியே போய்விடும். நான் சொல்வது எல்லா ஐரோப்பியக் கார்களுக்கும் பொருந்தும்.

திருப்பூரிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருந்தார்: "பதினைந்து லட்சத்துக்கு ஒரு புது காம்பாக்ட் எஸ்யூவி வருகிறது, அதே விலைக்கு பத்து வருடப் பழைய ஜெர்மன் செடானும் வருகிறது. எதை வாங்கலாம்?" நண்பரே, அந்த செடான் ஷோரூமில் 40 லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி. பத்து வருடத்தில் வண்டியின் விலை இறங்கிவிட்டது, பார்ட்ஸ் விலை இறங்கவில்லை. ஏறித்தான் இருக்கிறது. "இங்கேதானே அசெம்பிள் செய்கிறார்கள், பார்ட்ஸ் மலிவாக இருக்காதா" என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மைதான், செங்கல்பட்டு பக்கத்தில் மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007இல் இருந்து பிஎம்டபிள்யூ தொழிற்சாலை நடக்கிறது. ஆனால் ஒரு ஹெட்லைட்டின் விலையைக் கேட்டுப் பாருங்கள், புரிந்துவிடும். சென்னையில் பழைய பார்ட்ஸ் விற்கும் புதுப்பேட்டையில் கழற்றிய கதவு, கண்ணாடி, பம்பர் கிடைக்கும். அதுவரை சரி. ரப்பர், பிளாஸ்டிக், சென்சார் எல்லாம் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

பிளாஸ்டிக் என்றதும் விழுப்புரம் ஞாபகம் வருகிறது. போன வருடம் மே மாதம், குடும்பத்தோடு திருச்சிக்குக் கிளம்பினோம். விழுப்புரம் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டில் போகும்போது மீட்டரில் சிவப்பு எச்சரிக்கை வந்தது. என் வண்டியில் கூலண்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின் சூட்டைக் காட்டும் முள் கிடையாது. எச்சரிக்கை வந்தால் ஏற்கெனவே தாமதம் என்று அர்த்தம். உடனே ஓரம் கட்டி என்ஜினை நிறுத்தினேன். பானெட்டுக்கு அடியிலிருந்து இனிப்பான ஒரு வாசனையோடு ஆவி வந்தது. அது கூலண்ட் வாசனை. இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டி டோல் கேட்டில் நிறுத்தலாம் என்று நினைத்திருந்தால் சிலிண்டர் ஹெட் போயிருக்கும். மனைவியும் குழந்தைகளும் அந்த வெயிலில் ஒரு புளியமரத்தடியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

வண்டியை லாரியில் ஏற்றி சென்னைக்குக் கொண்டுவந்து பார்த்தால், உடைந்தது விரல் அளவு ஒரு பிளாஸ்டிக் கனெக்டர். ஹோஸ் இரண்டையும் இணைக்கிற துண்டு, அவ்வளவுதான். விலை மூவாயிரத்துக்குள். ஏற்றிவந்த கூலி அதைப்போல நாலு மடங்கு. பாய் பழைய துண்டை என் கையில் கொடுத்து அமுக்கச் சொன்னார். அப்பளம் மாதிரி நொறுங்கிவிட்டது. தினமும் சூடேறி, ஆறி, மறுபடி சூடேறி, பத்து வருடத்தில் பிளாஸ்டிக் செத்துப்போகிறது. நம் ஊர் வெயிலில், ஏசி ஓட, டிராஃபிக்கில் ஊர்ந்து போகிற வண்டிக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். அப்புறம் கூலண்ட் நிற்கும் எக்ஸ்பான்ஷன் டேங்க், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஹோஸ்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றினேன். நீங்கள் வாங்கினால் முதல் மாதத்திலேயே இதைச் செய்துவிடுங்கள். உடையட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

டீசல் வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். 2007இல் வந்த பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் என்ஜினில், வால்வுகளைச் சரியான நேரத்தில் திறக்கவைக்கும் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரமாக இருக்கும். செயின் தேய்ந்தால் அதைத் தொடுவதற்கே என்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும். அதனால் வண்டி பார்க்கப் போகும்போது, "நான் வருவதற்கு முன்னால் ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். குளிர்ந்த என்ஜினில் பின்பக்கத்திலிருந்து கரகரவென்று சத்தம் வந்தால் அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பி வாருங்கள். இரண்டாவது, இஜிஆர் கூலர், அதாவது என்ஜினுக்கே திருப்பி அனுப்பும் புகையைக் குளிர்விக்கும் பகுதி. 2018 கோடையில் தென்கொரியாவில் பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் அடுத்தடுத்து தீப்பிடித்தன. கூலரிலிருந்து கசிந்த கூலண்ட், கரியும் எண்ணெயுமாகப் படிந்ததோடு சேர்ந்து எரிந்ததுதான் காரணம். அந்த வருடம் அக்டோபரில் உலகம் முழுக்கச் சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். சேசிஸ் நம்பரைக் கொடுத்துக் கேட்டால் உங்கள் வண்டிக்கு ஏதாவது ரீகால் பாக்கி இருக்கிறதா என்று தெரியும்.

இப்போது சென்னைக்காரர்களுக்கு. 2015 டிசம்பரில் இந்த வண்டி எங்கே நின்றது? 2023 மிக்ஜாம் புயலின்போது எங்கே நின்றது? நான் வாங்கப் போன இடத்தில் முதலில் கேட்டது இதைத்தான். "சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி சார்" என்று பதில் வந்தது. டாக்டர் வீட்டுத் தெருவிலும் தண்ணீர் வந்திருக்கும் இல்லையா? சீட் பெல்ட்டைக் கடைசிவரைக்கும் இழுங்கள். யாரும் இழுக்காத அந்தக் கடைசி ஒரு சாண் நீளத்தில் சேற்றுக் கறை ஒரு கோடாக நிற்கும். வெள்ளத்தில் நின்ற வண்டியை எவ்வளவு கழுவினாலும் அந்த இடத்தைப் பலர் மறந்துவிடுவார்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட்டுகளில் துரு, கார்ப்பெட்டைத் தூக்கினால் ஈர வாசனை, இதையும் பாருங்கள். இந்தக் கார்களில் கண்ட்ரோல் மாடியூல் என்கிற சின்னக் கம்ப்யூட்டர்களும் ஒயரிங்கும் காலடியில், கார்ப்பெட்டுக்குக் கீழே ஓடுகின்றன. பல மாடல்களில் பேட்டரியே டிக்கியின் பள்ளத்தில் இருக்கும். இன்றைக்கு ஓடும், ஆறு மாதம் கழித்து ஒயரில் பச்சை பூத்து, எர்ரர் கோட் ஒன்றொன்றாக வர ஆரம்பிக்கும்.

வெள்ளமே வராத வண்டியிலும் உள்ளே தண்ணீர் வரும். என் வண்டி நிற்பது புங்கமரத்தடியில். பூ உதிரும் மாதத்தில் தினமும் கூட்டித் தள்ள வேண்டும். அந்தப் பொடி சன்ரூஃப் மூலையில் இருக்கும் வடிகால் குழாயின் சின்ன ஓட்டையை அடைத்துவிடும். மழைத் தண்ணீர் அந்தக் குழாய் வழியாகக் கீழே இறங்காமல் உள்ளே காலடியில் இறங்கும். இதற்குப் பைசா செலவு இல்லை. மூலையில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, டயருக்குப் பக்கத்தில் கீழே சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டவில்லை என்றால் கெட்டியான தூண்டில் நரம்பை மெதுவாக உள்ளே விட்டு எடுங்கள். கம்ப்ரெசர் காற்றை வேகமாக அடிக்காதீர்கள், உள்ளே குழாய் இணைப்பு கழன்றுவிடும்.

டெல்லி வண்டிகள் பற்றியும் நிறையக் கேட்கிறீர்கள். பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி டெல்லி வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று 2018இல் சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகு, வேறு மாநிலத்துக்கு மாற்ற ஆர்டிஓ தரும் என்ஓசியோடு தெற்கே வருகிற வண்டிகளின் விலை ஆசை காட்டும். இங்கே ரீரெஜிஸ்ட்ரேஷன் வரியையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். மீட்டர் கிலோமீட்டரையும் நம்பிவிடாதீர்கள். நல்ல ஸ்கேனர் போட்டால் பல வண்டிகளில் வேறு மாடியூல்களில் பதிவான கிலோமீட்டரும் தெரியும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

என் கணக்கு இப்படி: என்ஜின் ஆயில் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை, கம்பெனி சொன்ன கிரேடில். பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. தனி பேங்க் அக்கவுண்டில் வண்டிக்காக மாதம் பத்தாயிரம் போடுகிறேன். வாங்கும்போது விலையில் ஐந்தில் ஒரு பங்கு கையில் மீதி இல்லையென்றால், திருப்பூர் நண்பரே, தயவுசெய்து புது வண்டிக்கே போங்கள்.

சரி, பாய் கூப்பிடுகிறார். பழைய ஆயில் வடிந்துவிட்டது. ஒன்று சொல்ல வேண்டும், முழுசாக வடியாது, ஒரு பகுதி, என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற டார்க் கன்வர்ட்டரிலேயே நிற்கும். இந்த கியர்பாக்ஸில் சம்பும் (அடியில் ஆயில் நிற்கும் தட்டு) ஃபில்டரும் ஒரே பிளாஸ்டிக் துண்டு, சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய சம்புக்குள் இருக்கும் காந்தத்தைப் பாருங்கள், மை மாதிரி கருப்பாக ஒட்டியிருக்கிறது. விரலில் தேய்த்துப் பார்த்தேன், நைசாக இருக்கிறது, சிம்பு எதுவும் குத்தவில்லை. இது நல்ல செய்தி. ஆயில், சம்ப், போல்ட், கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 40 ஆயிரத்தை ஒட்டி வருகிறது.

புது ஆயிலை ஊற்றியாகிவிட்டது. இனி என்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு கியராகப் போட்டு, ஆயில் சூடு 30க்கும் 50 டிகிரிக்கும் நடுவில் இருக்கும்போது அளவு பார்க்க வேண்டும். அதற்கு மேல் சூடானால் ஆயில் விரிந்து வெளியே வழிந்துவிடும், உள்ளே குறைந்துபோகும். ஸ்கேனரில் இப்போது 36... 38. அதோ, அளவு பார்க்கும் ஓட்டையிலிருந்து ஆயில் நூல் மாதிரி இறங்குகிறது. பாய், மூடியைப் போட்டுவிடுங்க.