நடுராத்திரியில் மடையை வெட்டியது யார்?

[காட்சி: இரவு. வாய்க்கால் கரை. டார்ச் வெளிச்சம் மட்டும்.]

தலைஞாயிறு பக்கம் ஒரு வாய்க்கால். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தாலும் இங்கே தண்ணீர் எட்டிப் பார்க்க நாள் கணக்காகும். வந்ததும் முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். இன்று உங்கள் முறை. இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் உங்கள் மடையில் சேறுதான் இருக்கிறது. மேலே நடந்து போனால், தலைமடைக்காரர் கரையைக் கொத்தித் தன் வயலுக்குத் திருப்பியிருக்கிறார். வெட்டிய மண்ணில் கால்தடம் இன்னும் ஈரமாக இருக்கிறது.

எடுக்க முடிந்தவர் எடுத்தார். சரி, இதில் புதிர் ஒன்றுமில்லை. யாரும் காவல் இல்லாத மற்ற ராத்திரிகளில் அவர் ஏன் தொடவில்லை? அதுதான் புதிர்.

[காட்சி: வரப்பின் இரு பக்கமும் இரண்டு பேர், முகம் திருப்பியபடி.]

முதல் பதில், ரத்தம். என் மரபணுவின் நகல் என் சொந்தக்காரரிடமும் இருக்கிறது. அவர் பிழைத்தால் அதுவும் பிழைக்கும். 1964-இல் உயிரியலாளர் ஹாமில்டன் இதைக் கணக்காகவே போட்டார். உடன்பிறந்தவர் என்றால் பாதி, சித்தப்பா பிள்ளை என்றால் எட்டில் ஒன்று. ஆனால் சித்தப்பா பிள்ளைக்கு நம் ஊரில் பெயர் பங்காளி. வரப்புத் தகராறில் கோர்ட்டுக்குப் போவதும் அவரோடுதான். எட்டில் ஒன்று அவ்வளவுதான் தாங்கும் போல!

[காட்சி: மரப்பொந்தில் வௌவால்கள்.]

அப்புறம், கைமாற்று. ரத்தம் குடிக்கும் வௌவால் இரண்டு மூன்று ராத்திரி இரை கிடைக்காவிட்டால் செத்துவிடும். வயிறு நிறைந்த வௌவால், பட்டினி கிடக்கும் கூட்டாளிக்குக் கக்கி ஊட்டுகிறது. முன்பு தனக்கு ஊட்டிய வௌவாலுக்குக் கூடுதலாகவே கொடுக்கிறது. 1971-இல் உயிரியலாளர் டிரிவர்ஸ் இப்படிப்பட்ட கொடுக்கல் வாங்கலை விளக்கினார். கோபம், நன்றி, குற்ற உணர்வு எல்லாம் இந்தக் கணக்கை எழுதிவைக்க மனத்துக்குள் வளர்ந்தவை என்பது அவர் வாதம்.

[காட்சி: காலை. டீக்கடை பெஞ்ச்.]

அந்தக் கணக்கு இங்கேதான் படிக்கப்படுகிறது. மடை வெட்டியவர் வருகிறார். பேச்சு நிற்கிறது. பெஞ்சில் யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. டீ மட்டும் வருகிறது. நின்றுகொண்டே குடிக்கிறார்.

ஆனால் வெட்கம் மட்டும் போதாது. 2009-இல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண்ணான எலினார் ஆஸ்ட்ரம் நேபாளப் பாசன வாய்க்கால்களை ஆராய்ந்தார். கல்லும் மண்ணும் போட்ட அணை அடிக்கடி உடையும். சரிசெய்ய ஆள் பலம் வேண்டும், அதற்குக் கடைமடைக்காரரும் வந்தாக வேண்டும். அதனால் தலைமடைக்காரர் தண்ணீரை விட்டுக்கொடுத்தார். சிமெண்ட் அணை வந்த பல இடங்களில் கடைமடைக்குத் தண்ணீர் குறைந்தது. அணை உறுதியானதும் அவர்கள் தேவைப்படவில்லை!

[காட்சி: வாய்க்காலில் இறங்கும் பொக்லைன்.]

நம் வாய்க்காலிலும் தூர்வார இப்போது பொக்லைன் வருகிறது. தலைமடைக்காரருக்கு உங்கள் மண்வெட்டி தேவையில்லை. டீக்கடை மட்டும் இன்னும் ஒன்றுதான் இருக்கிறது.