பார்த்தவர் சொல்லட்டும்

(தலைப்பு: படம் பார்த்த சாதாரண ரசிகரின் கருத்து சினிமாவை வளர்க்கிறதா, கெடுக்கிறதா? ‘வளர்க்கிறது’ அணியின் உரை.)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா ஒரு காட்சியை வர்ணித்தார். முதல் ஷோ முடிகிறது. வெளியே வருகிற ரசிகர் மைக்கைப் பார்த்ததும் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார். அவருக்கு ஒளிப்பதிவு தெரியாது, எடிட்டிங் தெரியாது. ஆனால் பல கோடி போட்டு எடுத்த படத்தை அரை நிமிடத்தில் ‘மொக்கை’ என்று சொல்லிக் கொன்றுவிடுகிறார். அதனால் முதல் 3 நாள் விமர்சனத்துக்கே தடை வேண்டும் என்றார். நன்றாகப் பேசினார், கைதட்டலும் வாங்கினார். ஆனால் அவர் காட்டிய ஆள் நம் தலைப்பில் இருக்கிற ஆள்தானா?

கட்அவுட்டுக்குப் பால் ஊற்ற விடியற்காலையே வந்தவர் ஒருவர். எதிர் நடிகரின் படத்தைத் திட்டுவதற்காகவே டிக்கெட் எடுத்தவர் இன்னொருவர். இரண்டு பேரும் படம் ஓடுவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டு வந்தவர்கள். நான் பேச வந்திருப்பது ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சிக்கு வருகிறவருக்காக. மனைவி, இரண்டு பிள்ளைகள், கூட மாமியார். டிக்கெட், பார்க்கிங், இடைவேளையில் பாப்கார்ன் என்று அன்றைக்குப் பர்ஸ் காலி. அவரிடம் யாரும் மைக் நீட்டுவதில்லை. திங்கட்கிழமை ஆபீஸில் பக்கத்து சீட்காரர் கேட்பார், ‘படம் எப்படி சார்?’ ‘போலாம். செகண்ட் ஹாஃப் கொஞ்சம் இழுவை. கிளைமாக்ஸ் பிரமாதம். சின்னக் குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போறதுன்னா யோசிச்சுக்குங்க.’ கேட்டவருக்கு வேண்டியது எல்லாம் இதில் வந்துவிட்டது. சொன்னவருக்கு இதில் பத்து பைசா லாபம் கிடையாது. மறுநாளும் அதே சீட்டில் அதே முகத்தைப் பார்த்தாக வேண்டும் என்பதால் பொய் சொல்லவும் முடியாது.

சரி, ரசிகருக்குத் தொழில்நுட்பம் தெரியாது என்றார்களே, அதற்கு வருகிறேன்.

2022இல் சன் டிவியில் திருச்செல்வம் இயக்கத்தில் ‘எதிர்நீச்சல்’ தொடங்கியது. படித்த பெண்களைத் தேடி மருமகளாக்கி, வீட்டுக்குள்ளேயே முடக்கி வைக்கிற ஆதி குணசேகரனின் கதை. எங்கள் பெரியம்மா எட்டாவது வரை படித்தவர். அந்த சீரியலை ஒரு நாள்கூட விடமாட்டார். ஒரு ராத்திரி நான் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திரையில் ஒரே கத்தல். பெரியம்மா சொன்னார், “அவன் கத்துறது எனக்குப் பெரிசா தெரியலடா. அவன் வந்து சோபால உக்காந்ததும் அந்த நாலு பொண்ணுங்களும் எந்திரிச்சு ஓரமா நிக்குதுங்க பாரு. அதான் நம்ம வீடு.”

நடுவர் அவர்களே, எந்தப் பாத்திரம் எங்கே உட்கார்கிறது, யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை வைத்து அதிகாரத்தைக் காட்டுவதை சினிமா படித்தவர்கள் காட்சியமைப்பு என்பார்கள். பெரியம்மாவுக்கு அந்தச் சொல் தெரியாது. அதன் வேலை தெரிந்திருக்கிறது, ஏனென்றால் அவர் வாழ்நாள் முழுக்க அந்த ஓரத்தில் நின்றவர். 2023 செப்டம்பரில் குணசேகரனாக நடித்த மாரிமுத்து திடீரென்று மறைந்தபோது, தினமும் திட்டித் தீர்த்த வில்லனுக்காகப் பெரியம்மா அழுதார். அப்புறம் அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். “இவரும் நல்லாத்தான் பண்றாரு. ஆனா இவரைப் பாத்தா கம்பீரமா இருக்கு. அந்த ஆளு கத்தும்போது உள்ள இருக்கிற பயம் வெளிய தெரியும்.” ஒரே வேடத்தில் நடித்த இரண்டு பேரை இதைவிடச் சுருக்கமாக வேறுபடுத்திச் சொல்லுங்கள் பார்ப்போம்!

தொழில் தெரிந்தவர்கள் சொன்னதையும் பார்த்துவிடுவோம். 1977இல் பாரதிராஜா தன் முதல் படமான ‘16 வயதினிலே’யை எடுத்து முடித்தார். ஸ்டுடியோவை விட்டுக் கிராமத்துக்கே போய் எடுத்த படம். கமல்ஹாசன் அதில் கோவணம் கட்டிய சப்பாணி. வியாபாரம் தெரிந்த விநியோகஸ்தர்கள் வாங்க முன்வரவில்லை. தயாரிப்பாளர் எஸ்.ஏ.ராஜ்கண்ணு தானே வெளியிட்டார். 175 நாள் ஓடியது. யார் ஓட்டியது? பார்த்துவிட்டு வந்து அடுத்த வீட்டுத் திண்ணையில் சொன்னவர்கள். பாலாவின் ‘சேது’வும் வாங்க ஆளில்லாமல் கிடந்துதான் 1999 டிசம்பரில் திரைக்கு வந்தது. வாய் வழியாகவே பரவி ஏறிய படம் அது. சமீபத்தில் பாருங்கள், 2025 மே 1 அன்று சூர்யா படம் வருகிற அதே நாளில் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ வந்தது. இயக்குநர் அபிஷன் ஜீவிந்துக்கு அது முதல் படம். இலங்கையிலிருந்து தப்பி வந்த ஒரு குடும்பத்தின் கதை. பார்த்தவர்கள் தங்கள் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் போனார்கள்.

எதிரணியில் அடுத்து பேசப்போகிறவர் ‘அன்பே சிவம்’ பற்றிக் கேட்பார் என்று எனக்குத் தெரியும். 2003 பொங்கலுக்கு வந்த அந்தப் படத்தை இதே ரசிகர்தானே கைவிட்டார்? ஆமாம், படம் ஓடவில்லை. எனக்கும் அதில் வருத்தம் உண்டு. ஆனால் அதைத் தூக்கி நிறுத்தியது யார்? லீவு நாளில் டிவியில் போட்டபோது சேனல் மாற்றாமல் உட்கார்ந்து பார்த்தவர்கள். பார்த்துவிட்டு, ‘இதை எப்படி தியேட்டர்ல விட்டோம்’ என்று அடுத்தவரிடம் சொன்னவர்கள். இன்றைக்கு மாதவனும் கமலும் பேசிக்கொள்கிற வசனங்களைப் பையன்கள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள் என்றால், அது இவர்கள் செய்த வேலை. தன் கருத்தைத் தானே திருத்திக்கொள்கிற பெருந்தன்மை ரசிகருக்கு இருக்கிறது.

2024 செப்டம்பரில் வந்த ‘மெய்யழகன்’ இன்னும் சுவாரசியமான வழக்கு. படம் நல்லா இருக்கு, ஆனா நீளம் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடத்தைக் குறைத்தார்கள். அப்புறம் ஓடிடியில் வந்ததும், இரண்டு உறவுக்காரர்கள் ராத்திரி முழுக்கப் பேசுகிற அந்தப் பேச்சுக்காகவே வீட்டில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள் ஏராளம். அப்படியென்றால் தியேட்டர் ரசிகர் தப்பா, வீட்டு ரசிகர் தப்பா? இரண்டு பேருமே உண்மையைச் சொன்னார்கள். ராத்திரி ஷோ முடிந்து கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவருக்கு ஒரு மனநிலை. பாயை விரித்துப் படுத்துக்கொண்டு பார்ப்பவருக்கு வேறு மனநிலை. இந்த இரண்டையும் ஒரு இயக்குநர் வேறு எங்கே போய்த் தெரிந்துகொள்வார்?

கடைசியாக, எதிரணி அம்மா கேட்ட அந்தத் தடை. 2024 நவம்பரில் தயாரிப்பாளர்கள் தரப்பிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. ரசிகர் பேட்டி எடுக்க யூடியூப் சேனல்களை தியேட்டர் வளாகத்துக்குள் விடாதீர்கள் என்றார்கள். அடுத்து, படம் வெளியான முதல் 3 நாள் விமர்சனமே வரக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டது. விமர்சனம் கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும், அவதூறு என்றால் அதற்குச் சட்டம் இருக்கிறது என்பதுதான் அதன் சாரம். தனிப்பட்ட முறையில் ஒருவரை இழிவுபடுத்துகிறவருக்கும் காசு வாங்கிக்கொண்டு திட்டுகிறவருக்கும் நானும் எதிரிதான். அவர்களுக்காக ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஆனால் படம் ஓடிவிட்டால், தியேட்டர் வாசலில் கண் கலங்கிப் பேசிய அதே ரசிகரின் பேச்சைத்தானே வெட்டியெடுத்து விளம்பரத்தில் போடுகிறோம்? பாராட்டும்போது மட்டும் அவருக்கு சினிமா தெரிந்துவிடுகிறதா?

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. பெரிய நடிகர் படத்துக்கு டிரெய்லர் இருக்கிறது, ஊரெல்லாம் பேனர் இருக்கிறது, காலையிலிருந்து ராத்திரி வரை எல்லா ஷோவும் இருக்கிறது. முகம் தெரியாத நடிகர்களை வைத்து எடுத்த சின்னப் படத்துக்கு ஒரு நகரத்தில் ஒன்றிரண்டு ஷோ கிடைத்தால் பெரிது, அதுவும் ஆள் வராத மதிய நேரத்தில். வெள்ளி, சனி, ஞாயிறு கூட்டம் வரவில்லை என்றால் திங்கட்கிழமை அந்தக் காட்சியும் வேறு படத்துக்குப் போய்விடும். அந்தப் படத்தைப் பற்றி ஊருக்குச் சொல்ல, வெள்ளிக்கிழமை மதியம் அதைப் பார்த்துவிட்டு வந்த முப்பது பேரை விட்டால் ஆள் கிடையாது. நீங்கள் வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்வது அதே மூன்று நாள்தான். அந்தப் படத்துக்கு அப்போது யார் பேசுவார்கள் என்று அடுத்து வருகிற எதிரணி நண்பர் இந்த மேடையில் சொல்லட்டும்.

நன்றி, வணக்கம்.