28 டாலர் 12½ சென்ட்டில் ஒரு வீடு: வால்டன் கரையிலிருந்து பேசுகிறேன்

வணக்கம் நண்பர்களே. என் பின்னால் தெரிவதுதான் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருக்கும் வால்டன். ‘வால்டன்’ என்ற புத்தகத்தை எழுதிய தோரோ தன் கையால் வீடு கட்டி வாழ்ந்தது இதன் கரையில்தான். குளம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 60 ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கும் இதை நம் ஊரில் ஏரி என்றுதான் சொல்வோம். பாஸ்டனில் ரயில் ஏறி, கான்கார்டு ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து நடந்தே வந்துவிட்டேன். வெளிமாநில எண் கொண்ட காரில் வந்தால் நிறுத்துவதற்கு 30 டாலர். அந்த 30ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

கோபத்தோடுதான் வந்திருக்கிறேன். தோரோவின் நண்பரும் வழிகாட்டியுமான சிந்தனையாளர் எமர்சனைப் பற்றிய வீடியோ போட்டதிலிருந்து ஒரே கேள்வி. “தற்சார்பு பேசிய தோரோவுக்கு அவருடைய அம்மாதானே துணி துவைத்துக் கொடுத்தார்? ஊரிலிருந்து ஒன்றரை மைலில் உட்கார்ந்துகொண்டு என்ன பெரிய வனவாசம்?” ஐயா, அவர் எதை மறைத்தார்? துவைப்பதும் தைப்பதும் பெரும்பாலும் வெளியில்தான் நடந்தன, அதற்கான பில் இன்னும் வரவில்லை என்று புத்தகத்தில் போட்ட செலவுக் கணக்கிலேயே எழுதியிருக்கிறார்! வனவாசம் என்று அவர் சொல்லவே இல்லை. அண்டை வீடு ஒரு மைல் தள்ளி இருக்கும் இடத்தில், தானே கட்டிய வீட்டில், தன் உழைப்பில் வாழ்ந்தேன் என்றார். 1845 ஜூலை 4 முதல் 1847 செப்டம்பர் 6 வரை.

சரி, கணக்குக்கு வருகிறேன். மாதக் கடைசியில் நான் போடும் வீட்டுக் கணக்கு வீடியோக்களைப் பார்ப்பவர்களுக்குத் தெரியும், செலவு நோட்டு கண்ணில் பட்டால் என்னால் தாண்டிப் போக முடியாது. ரயிலில் உட்கார்ந்து தோரோவின் வீட்டுச் செலவு 13 வரிகளையும் ஒவ்வொன்றாகக் கூட்டினேன். பலகை 8 டாலர் 3½ சென்ட். ரயில் பாதையில் வேலை பார்த்த ஒருவரின் குடிசையை விலைக்கு வாங்கிப் பிரித்த பலகைதான் அதில் பெரும்பகுதி. பழைய செங்கல் ஆயிரம், 4 டாலர். கண்ணாடியோடு பழைய ஜன்னல் இரண்டு, 2 டாலர் 43 சென்ட். சுண்ணாம்பு 2 டாலர் 40. ‘விலை அதிகம்’ என்று பக்கத்திலேயே குறிப்பு. பூச்சில் கலக்கும் முடி 31 சென்ட். தேவைக்கு மேல் வாங்கிவிட்டாராம். சாக்குக்கட்டி 1 சென்ட். அதையும் விடவில்லை, பாருங்கள்! மொத்தம் 28 டாலர் 12½ சென்ட். எனக்கும் அதே தொகைதான் வந்தது. பெட்டியில் எதிரே இருந்தவர் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்குச் சத்தமாகவே ‘சரி’ என்று சொல்லிவிட்டேன்.

அந்த அரை சென்ட் பலகையில் வந்தது. அமெரிக்காவில் அரை சென்ட் நாணயம் 1857 வரை அச்சடித்தார்கள். அதைத் தள்ளிவிட்டு 28 டாலர் 12 சென்ட் என்று எழுதியிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? அவர் தள்ளவில்லை. அந்த அரை சென்ட்டில்தான் எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வந்தது. இப்போது அந்த 30 டாலருக்கு வாருங்கள். அன்றைக்குக் கேம்பிரிட்ஜ் கல்லூரியில், அதாவது இங்கே பக்கத்தில் இருக்கும் ஹார்வர்டில், இந்த வீட்டைவிடக் கொஞ்சமே பெரிய மாணவர் அறைக்கு ஆண்டு வாடகை 30 டாலர். ஒரு வருட வாடகையில் ஆயுளுக்கும் வீடு!

கார் நிறுத்தும் இடத்தருகே அந்த வீட்டின் மாதிரியைக் கட்டி வைத்திருக்கிறார்கள். 10 அடிக்கு 15 அடி. கட்டில், மேசை, மூன்று நாற்காலி. உண்மையான வீடு இருந்த இடத்தில் கல் தூண்கள் மட்டும் நிற்கின்றன. பக்கத்தில் வருகிறவர்கள் போட்ட கற்குவியல், 1872இல் தொடங்கியது. நானும் ஒரு கல் வைத்தேன்.

கோடரியை விட்டுவிட்டேனே! மரம் வெட்டிய கோடரி இரவல். வாங்கியபோது இருந்ததைவிடக் கூர்மையாகத் திருப்பிக் கொடுத்தார். நிலமும் எமர்சனுடையதுதான். ஆகவே யாரிடமும் எதையும் வாங்காமல் வாழ்வதுதான் தற்சார்பு என்று நினைத்தால் தோரோவைப் பிடிக்கவே முடியாது.

எனக்கு அது பிடிபட்டது இந்தத் தண்ணீரில். வால்டனுக்கு அடியே இல்லை என்று ஊரே நம்பியது. யாரும் சரியாக அளந்து பார்த்ததில்லை. 1846இன் தொடக்கத்தில், பனிக்கட்டி உடைவதற்கு முன், தோரோ மீன்பிடிக் கயிற்றில் ஒன்றரைப் பவுண்டு கல்லைக் கட்டி இறக்கினார். கல் எப்போது தரையை விட்டு எழும்புகிறது என்று கைக்கே தெரிந்ததாம். தரையில் கிடக்கும்போது பலமாக இழுக்க வேண்டும். அடியில் தண்ணீர் புகுந்ததும் கயிறு இலகுவாகிவிடும். நூறு இடங்களுக்கு மேல் அளந்தார். அதிகபட்ச ஆழம் 102 அடி. ‘உன்னை நம்பு’ என்று எமர்சன் 1841இல் தற்சார்பு பற்றிக் கட்டுரை எழுதினார். அதையே இவர் கயிறும் கல்லுமாகச் செய்து பார்த்தார்.

இன்னொன்றும் கண்டார். வரைபடத்தில் குளத்தின் மிக நீளமான கோடும் மிக அகலமான கோடும் வெட்டிக்கொண்ட இடத்தில்தான் ஆழம் அதிகம். உடனே மனிதனுக்குத் தாவுகிறார்: ஒருவருடைய அன்றாட நடத்தைக்கும் இப்படி நீள அகலக் கோடுகள் போட்டால், அவை வெட்டும் இடத்தில் அவர் குணத்தின் ஆழம் தெரியும். எமர்சனும் தோரோவும் பேசிய டிரான்சென்டென்டலிசம் என்ற அந்த நீண்ட பெயரைப் போன வீடியோவில் எவ்வளவு விளக்கியும் பலருக்குப் புரியவில்லை. இயற்கையில் ஓடும் விதியும் மனத்தில் ஓடும் விதியும் ஒன்றே, நேரில் பார்த்தே அதை அறியலாம் என்கிற நம்பிக்கை அது. அந்த வீடியோவை இந்தக் குளத்திலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

கிளம்புவதற்குள் நம் ஊர்ச் செய்தி ஒன்று. 1846–47 குளிர்காலத்தில் ஐஸ் வியாபாரிகள் இங்கே வந்து பாளம் பாளமாக அறுத்தார்கள். மதராசிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வாடுகிறவர்கள் என் கிணற்றில் குடிக்கிறார்கள் என்று தோரோ எழுதினார். ஆமாம், மதராஸ்! கடற்கரையில் நிற்கிறதே ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம், அது அமெரிக்க ஐஸைச் சேமிக்க 1842இல் கட்டிய கிடங்கு. சென்னை வந்ததும் அதன் வாசலில் நின்றுதான் அடுத்த வீடியோ. ரயிலுக்கு நேரமாகிவிட்டது, ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டும்.