பென்சிலில் எழுதிய கடிதங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கிளை நூலகங்களில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வாசகர்களைப் பற்றிப் பேச முடியுமா என்று வானொலி நிலையத்தார் கேட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது பென்சில்.

நூலகப் புத்தகத்தில் எதுவும் எழுதக் கூடாது என்று உள் அட்டையில் சீட்டு ஒட்டியிருப்போம். அப்படியும் எழுதுவார்கள். துப்பறியும் நாவலில் நாற்பதாம் பக்கத்திலேயே கொலைகாரன் யார் என்று எழுதிவைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. அவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம்தான். ஆனால் ஓரத்தில் எழுதியவர்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்கள் இல்லை. "இந்த இடத்தில் அழுதுவிட்டேன்." "எங்கள் பெரியப்பா அச்சு அசல் இப்படித்தான்." "ஐயா, அந்தப் பெண்ணை ஏன் சாகடித்தீர்கள்?" இந்த மாதிரி. மாலையில் கூட்டம் குறைந்ததும் ரப்பரை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அழிப்பேன். அழிப்பதற்கு முன்னால் கட்டாயம் படிப்பேன்.

கவனித்தீர்களா? "ஐயா" என்று போட்டிருக்கிறார். அந்த ஐயா நான் இல்லை. அடுத்து அந்தப் புத்தகத்தை எடுத்துப் போகப்போகிறவரும் இல்லை. கதையை எழுதியவரைக் கூப்பிட்டுத்தான் கேட்கிறார். அது கடிதம்தான், தபால் பெட்டியில் போடாத கடிதம். அதை நான் ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தேன். அந்த உறுத்தல் எனக்கு நெடுநாள் இருந்தது.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931ல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்து. அதில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது. புத்தகத்தை வாசகரிடம் கொண்டு சேர்க்கும் வேலை எங்களுடையது. சரி, வாசகர் சொல்வதை எழுத்தாளரிடம் கொண்டு சேர்ப்பது யார்? அதற்கு விதி கிடையாது. நானாக ஒரு காரியம் செய்தேன். மேஜை இழுப்பறையில் எப்போதும் பத்து அஞ்சலட்டை வாங்கி வைத்திருப்பேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது யாராவது கதையைப் பற்றி இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசினால், ஓர் அட்டையை எடுத்து நீட்டுவேன். உள்பக்கத்தில் பதிப்பகத்தின் முகவரி இருக்கும். எழுத்தாளர் பெயரைப் போட்டு, மே/பா என்று எழுதி, பதிப்பகத்துக்கு அனுப்பினால் போய்ச் சேரும். அஞ்சலட்டை இன்றைக்கும் 50 காசுதான், நேயர்களே.

அப்படி ஒரு தையல்காரருக்குக் கொடுத்தேன். நூலகத்துக்கு எதிர் வரிசையில் கடை. வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை என்பதால் வியாழக்கிழமை மாலையே வந்து இரண்டு நாளைக்குச் சேர்த்து எடுத்துப் போவார். ஒருநாள் ஒரு சிறுகதைத் தொகுப்பைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, "சார், இந்தக் கதை நல்ல கதை, ஆனால் இவர் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை" என்றார். என்னவென்று கேட்டேன். கதையில் ஒரு தையல்காரர் மகளின் கல்யாணக் கவலையில் தைத்துக்கொண்டிருக்கிறார். பாபின் நூல், அதாவது அடிநூல், பட்டென்று சத்தத்தோடு அறுந்துபோகிறது. அவர் திடுக்கிட்டு நிறுத்துகிறார். "அடிநூல் தீர்ந்தால் சத்தமே வராது சார். மிஷின் பாட்டுக்கு ஓடும். மேல்நூல் ஊசியில் இருக்கும், ஊசி ஏறி இறங்கும், தைக்கிற மாதிரியே இருக்கும். அரை அடி போன பிறகு துணியைத் தூக்கிப் பார்த்தால்தான் ஒரு தையலும் பிடிக்கவில்லை என்று தெரியும். கவலையில் இருக்கிறவன் இன்னும் நாலு விரற்கடை கூடத் தைத்துவிடுவான். அதுதானே சார் அந்த ஆளுக்கு நடந்திருக்கும்?"

எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. கதையின் உயிரே அவர் சொன்ன இடத்தில்தான் இருக்கிறது. தைத்துக்கொண்டே இருக்கிறான், ஒன்றும் பிடிக்கவில்லை, அவனுக்குத் தெரியவில்லை. எழுத்தாளர் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான், கையில் கிடைத்ததோ அந்தப் பட்டென்ற சத்தம். அட்டையைக் கொடுத்தேன். "எனக்கு எழுத்து கோணலாக வரும்" என்று தயங்கினார். நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன் என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. அவரே எழுதினார், ஒரு சாயங்காலம் முழுக்க. மூன்று வாரத்தில் பதில் வந்தது. அதுவும் அஞ்சலட்டைதான், நாலே வரி. நன்றி, நீங்கள் சொன்னதுதான் சரி, அடுத்த பதிப்பில் மாற்றுகிறேன் என்று. மாற்றினார். சில வருடம் கழித்து வந்த பதிப்பை நான் வாங்கிப் பார்த்தேன், அந்த வரி மாறியிருந்தது. தையல்காரர் அந்தக் கார்டைக் கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்திருந்தார்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம், அவர் அந்தக் கதையை முழுக்கப் படித்தவர். முழுக்கப் படித்தவருடைய பேச்சுக்கு ஒரு எடை உண்டு. இதை மறுபடியும் சொல்வேன்.

எங்கள் வீட்டில் பொன்னியின் செல்வன் பைண்டு புத்தகமாகத்தான் இருந்தது. உங்களில் பலர் வீட்டிலும் இருந்திருக்கும். வாராவாரம் பத்திரிகையிலிருந்து அத்தியாயத்தைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, மைதா பசை தடவி, காலிகோ துணி ஒட்டி. மணியம் வரைந்த படங்கள் அதில் அப்படியே இருக்கும். பாதிப் பக்கத்தில் யாருடைய கட்டுரையோ வால் மட்டும் தொங்கும். அம்மா சேர்த்துத் தைத்தது அது. 1950ல் ஆரம்பித்து 1954ல் முடிந்த தொடர். இத்தனை வருடம் வாரம் தவறாமல் காத்திருந்தவர்களுக்கு அந்த முடிவு போதவில்லை. வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் கல்யாணம் நடந்ததா இல்லையா? இவர் என்ன ஆனார், அவர் எங்கே போனார்? வாசகர்கள் கேட்டுவிட்டார்கள். கல்கி என்ன செய்தார் தெரியுமா? முடிவுரை ஒன்று எழுதி, அந்தக் கேள்விகளை எடுத்துப் போட்டுப் பதில் சொன்னார். சரித்திரக் கதையை எங்கே நிறுத்துவது என்று தன் பக்க நியாயத்தையும் சொன்னார். அதே வருடம் டிசம்பர் 5ம் தேதி அவர் காலமானார். இனி யாரும் அவரிடம் கேட்க முடியாது. அந்த முடிவுரைப் பக்கங்களை மட்டும் அம்மா இரட்டை நூல் போட்டுத் தைத்திருந்தாள். பதில் வந்துவிட்டது அல்லவா, அது உதிர்ந்து போகக் கூடாது.

லண்டனிலும் இது நடந்திருக்கிறது. ஷெர்லாக் ஹோம்ஸை 1893ல் அருவியில் தள்ளிவிட்டு ஓய்ந்தார் கோனன் டாயில். அதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே, இவனைத் தீர்த்துவிடப் போகிறேன் என்று தன் அம்மாவுக்கு அவர் கடிதம் எழுத, கூடவே கூடாது என்று தடுத்தவர் அந்த அம்மாதான். கடைசியில் வாசகர்கள் விடவில்லை. 1903ல் ஹோம்ஸ் உயிரோடு திரும்பி வந்தார்.

அப்புறம், நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். ஜெயகாந்தன்.

1966ல் ஆனந்த விகடனில் அக்கினிப் பிரவேசம் வந்தது. படித்தவர்களுக்குத் தெரியும், படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மழை பெய்யும் மாலை. பஸ்ஸுக்கு நிற்கும் கல்லூரிப் பெண்ணை ஒருவன் பெரிய காரில் ஏற்றிக்கொள்கிறான். அவள் கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். அம்மாவிடம் சொல்லிவிடுகிறாள். அம்மா முதலில் அலறுகிறாள், அடிக்கிறாள். அப்புறம் சட்டென்று நிதானத்துக்கு வந்து, மகளை இழுத்துப் போய்த் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறாள். நீ சுத்தமாகிவிட்டாய், உன் மேல் எந்தக் கறையும் இல்லை, யாரிடமும் சொல்லாதே என்று தேற்றுகிறாள். அவ்வளவுதான் கதை.

தமிழ்நாடு கொதித்தது. கண்டித்தும் பாராட்டியும் கடிதங்கள் குவிந்தன. ஒரு தாய் இப்படிச் செய்வாளா, இது எங்காவது நடக்குமா என்று கேட்டார்கள்.

இப்போது எங்கள் நூலகத்துப் பிரதிக்கு வருகிறேன். அந்தக் கதையுள்ள தொகுப்பு, அட்டை மாற்றி இரண்டு தடவை பைண்டு செய்தது. கதை முடியும் பக்கத்தில் கீழே கொஞ்சம் வெற்றிடம். அதில் பென்சிலில், அழுத்தமான கையெழுத்தில், "இப்படியும் ஒரு அம்மாவா?" என்று இருந்தது. கேள்விக்குறியைத் தாள் கிழிகிற மாதிரி போட்டிருந்தார். அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்து. சின்ன எழுத்து, சாய்வாக, பென்சிலைக் கூர் சீவி எழுதியது. "எனக்கு இப்படி ஒரு அம்மா இல்லை."

ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. தேதிச் சீட்டைப் பார்த்தால் யார் யார் எடுத்தார்கள் என்று பதிவேட்டில் கண்டுபிடித்துவிடலாம். நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று தோன்றியது. அந்த இரண்டு வரியையும் நான் அழிக்கவில்லை. விதிப்படி தப்புதான். அழிக்கவில்லை.

முதல் கையெழுத்துக்காரர் கேட்ட அதே கேள்வியைத்தான் 1966ல் ஊரே கேட்டது. ஜெயகாந்தன் அதற்குச் சண்டை போட்டுப் பதில் சொல்லியிருக்கலாம். மேடையில் அவர் குரல் எப்படியிருக்கும் என்று கேட்டவர்களுக்குத் தெரியும், தயங்குகிற ஆளில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு அவர் ஒரு நாவலையே எழுதினார். சரி, நீங்கள் சொல்கிற மாதிரியே வைத்துக்கொள்வோம், அந்த அம்மா தண்ணீர் ஊற்றவில்லை, கூச்சல் போட்டுவிட்டாள், அக்கம்பக்கம் தெரிந்துவிட்டது. அப்படியானால் அந்தப் பெண் என்ன ஆவாள்? அண்ணன் வீட்டை விட்டு விரட்டுகிறான். மாமா ஆதரவில் படிக்கிறாள், வேலைக்குப் போகிறாள், பேர் கெட்டவளாகவே வாழ்கிறாள். தினமணி கதிரில் காலங்கள் மாறும் என்ற பெயரில் தொடராக வந்து, புத்தகமானபோது சில நேரங்களில் சில மனிதர்கள் ஆயிற்று. 1972ல் சாகித்ய அகாதெமி விருது வாங்கியது, 1977ல் படமாகவும் வந்தது.

அந்த நாவலில் எனக்கு இன்றைக்கும் மூச்சு நிற்கிற இடம் ஒன்று உண்டு. அந்தப் பெண்ணின் பெயர் கங்கா. அவள் ஒரு பத்திரிகையில் கதை படிக்கிறாள். ஆர். கே. வி. என்ற எழுத்தாளர் எழுதியது. அதில் மழை, கார், பெண். அந்தக் கதையிலும் மகள் வந்து அழுகிறாள், ஆனால் அந்த அம்மா தலையில் தண்ணீர் ஊற்றுகிறாள். அக்கினிப் பிரவேசத்தை, அதே மாதிரி அடிபட்ட ஒரு பெண் வாசகியாக உட்கார்ந்து படிக்கிறாள். தன் அம்மாவும் இப்படிச் செய்திருந்தால் என்று நினைக்கிறாள்.

எங்கள் பிரதியில் சாய்வாக எழுதிய அந்தக் கை நினைவிருக்கிறதா? அவருக்கும் கங்காவுக்கும் ஒரே வரிதான். நாவலைப் படித்துவிட்டு எழுதினாரா, படிக்காமலேயே எழுதினாரா, தெரியாது. கண்டித்து எழுதியவர்களின் சத்தம்தான் 1966ல் பெரிதாகக் கேட்டிருக்கும். அந்தச் சத்தத்துக்கு அடியில் ஒன்றும் எழுதாமல் இருந்த ஒரு பெண்ணை ஜெயகாந்தன் கேட்டிருக்கிறார். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து விரலைக் காட்டுகிறார்கள். பெருமாள்முருகனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச நினைத்திருந்தேன். வேகமாகச் சொல்கிறேன்.

அவருடைய நாவல் மாதொருபாகன் 2010ல் வந்தது. கதை முடிகிற இடத்தில் நாயகன் காளி சாவானா பிழைப்பானா என்பது தொங்கலில் நிற்கும். அதன் தொடர்ச்சியாக அவர் ஒன்றுக்கு இரண்டு நாவல் எழுதினார். ஆலவாயனில் காளி இறந்துவிடுகிறான், அர்த்தநாரியில் பிழைத்துக்கொள்கிறான். இரண்டு வழியையும் வாசகருக்கே திறந்துவிட்டார். ஆனால் 2014 கடைசியில் திருச்செங்கோட்டில் என்ன நடந்தது? நாவலை எதிர்த்தவர்கள் மாதொருபாகனிலிருந்து சில பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து, வரிகளுக்கு அடிக்கோடு போட்டு ஊருக்குள் கொடுத்தார்கள். புத்தகத்தை அல்ல, நேயர்களே, சில பக்கங்களை. என் 31 வருடத்தில் எத்தனையோ அடிக்கோடுகளைப் பார்த்திருக்கிறேன். படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றவர் போட்ட கோடு வேறு, முன்னும் பின்னும் இல்லாத தாளில் அடுத்தவருக்காகப் போட்டுக் கொடுக்கிற கோடு வேறு. அந்த எதிர்ப்புக்குப் பிறகு 2015 ஜனவரியில், பெருமாள்முருகன் என்ற எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். முழுக்கப் படிப்பது என்று முதலிலேயே சொன்னேனே, அது இதற்காகத்தான்.

2016 ஜூலை 5ம் தேதி அந்த நாவல் பற்றிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எழுத்தாளர் மறுபடி உயிர்த்தெழட்டும், தனக்கு நன்றாக வருகிற வேலையைச் செய்யட்டும் என்று சொல்லி, "எழுது" என்ற ஒரே சொல்லில் அந்தத் தீர்ப்பு முடிகிறது. அந்த வருடமே அவருடைய கவிதைகள் புத்தகமாக வந்தன. எங்கள் ஊர் நூலகத்துக்கு அது வந்தபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். உறுப்பினர் அட்டையோடு போய் வரிசையில் நின்று எடுத்து வந்தேன். ஓர் அஞ்சலட்டையும் எழுதினேன்.

வணக்கம்.